பானை என்றதும் சிரித்தார்கள், நான் பேசாமல் இருந்துவிட்டேன்

குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி நீளமாக எழுதியிருக்கிறார். வயது 36, தனியார் நர்சிங் கல்லூரி ஒன்றில் ட்யூட்டர். அடையாளம் தெரியக்கூடாது என்று கேட்டிருப்பதால் சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய கல்லூரியும் வேறு மூன்று கல்லூரிகளும் சேர்ந்து எட்டு சனிக்கிழமைகளுக்கு ஜூமில் ஒரு கூட்டு வகுப்பு நடத்துகின்றன. எம்.பி.பி.எஸ்., நர்சிங், பார்ம்.டி. (மருந்துத் துறை), பிசியோ, டயட் (உணவியல்) மாணவர்கள் நாற்பது பேர் ஒரு குழு. ஒரு நோயாளியின் கதையைக் கொடுத்தால் எல்லோரும் சேர்ந்து பேச வேண்டும். குழுவை வழிநடத்துபவர்கள் இரண்டு பேர்: நம் வாசகியும் ஒரு மருத்துவப் பேராசிரியரும். இரண்டாம் வாரக் கதையில் வந்தவர் பேரணாம்பட்டில் தோல் ஷாப்பில் (தோல் பதனிடும் ஆலையில்) வேலை செய்யும் 58 வயதுக்காரர். சர்க்கரை நோய், காலில் புண், இன்சுலின் எழுதி டிஸ்சார்ஜ். மூன்றாம் ஆண்டு நர்சிங் மாணவி ஒருத்தி, “அவங்க வீட்ல ஃபிரிட்ஜ் இல்லன்னா இன்சுலினைப் பானையில வைக்கச் சொல்லலாம் சார்” என்றிருக்கிறாள். இரண்டு மருத்துவ மாணவர்கள் மைக்கை அணைக்காமலே சிரித்திருக்கிறார்கள். ஒருவர் சாட்டில் ‘பானை வைத்தியம்’ என்று போட்டிருக்கிறார். பேராசிரியர் லேசாகப் புன்னகைத்து, “சரி, ஆன்டிபயாடிக்குக்கு வருவோம்” என்று நகர்ந்துவிட்டார். அதற்கப்புறம் அந்தப் பெண் கேமராவும் போடவில்லை, வாயும் திறக்கவில்லை.

“நேரில் நடத்தியிருந்தால் இப்படி ஆகியிருக்காது, ஆன்லைன்தான் காரணம்” என்பது வாசகியின் எண்ணம். எல்லோரையும் ஒரே வகுப்பில் சேர்த்தால் தானாகப் பழகிவிடுவார்கள் என்று நம்பியிருந்தாராம். கல்லூரி முதல்வரோ, “இதெல்லாம் மேல்நாட்டுச் சரக்கு, நடத்தி முடித்தால் போதும், ஆனால் எல்லோரும் கேமரா போட்டே ஆக வேண்டும்” என்கிறார். அடுத்த முறை வார்டில் ஒரு நோயாளியைச் செல்போனில் பேச வைத்து அந்த வீடியோவைக் காட்டலாமா என்றும் வாசகி கேட்கிறார். கடைசியாக, “ஒரு நர்ஸ் நான். மருத்துவ மாணவர்கள் இருக்கும் வகுப்பை நடத்த எனக்கு என்ன தகுதி? விலகிவிடட்டுமா?”

பதில்

வணக்கம். உங்களை எப்படி அழைப்பது என்றே கொஞ்ச நேரம் யோசித்தேன். கல்லூரியில் ‘மேம்’, வார்டுக்குள் நுழைந்தால் ‘சிஸ்டர்’. சனிக்கிழமை ஜூமில் நீங்கள் யார் என்பதுதான் உங்களைக் குழப்புகிறது என்று நினைக்கிறேன். அதைப் பிறகு பேசுவோம். முதலில் பானை.

அந்தப் பெண் சொன்னது அன்றைய வகுப்பிலேயே பயனுள்ள வாக்கியம். திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். பயன்படுத்திக்கொண்டிருக்கும் குப்பியை, பெரும்பாலான வகைகளில், 25 முதல் 30 டிகிரிக்குள் வெயில் படாமல் சுமார் நான்கு வாரம் வெளியே வைத்துப் பயன்படுத்தலாம். சரியான கணக்கு அந்தந்த மருந்தின் உறையில் இருக்கும். ஆனால் வேலூர் மே மாதத்தில் 30 டிகிரி எங்கே இருக்கிறது? 40 தாண்டுவது நமக்குப் புதிதல்ல. ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீடு என்றால் கேட்கவே வேண்டாம். மண்பானையின் சுவர் வழியாகக் கசியும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகிறது, உள்ளே குளிர்கிறது. வறண்ட வெயிலில் இது நன்றாக வேலை செய்யும். ஐப்பசி மழையில் காற்று ஈரமாக இருந்தால் அவ்வளவு குளிராது, அப்போது தேவையும் குறைவு. குப்பியை நேராகத் தண்ணீரில் போடக்கூடாது; டப்பாவில் போட்டு மூடி, பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்க வேண்டும். இதே இன்சுலினை ஃபிரிட்ஜ் இருக்கிற வீட்டில் ஃப்ரீசருக்குள் வைத்துக் கெடுத்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். உறைந்துபோன இன்சுலினைத் தூக்கித்தான் போட வேண்டும்.

இப்போது பாருங்கள். எந்த இன்சுலின், எத்தனை யூனிட் என்பது மருத்துவ மாணவரின் பக்கம். எந்த வெப்பத்தில் எத்தனை நாள் தாங்கும் என்பது பார்ம்.டி. மாணவரின் பக்கம். அந்த வீட்டில் ஃபிரிட்ஜ் இருக்கிறதா என்ற கேள்வியோ, குழுவில் அந்த ஒரு பெண்ணுக்குத்தான் தோன்றியது. இப்படிப் பல துறையினர் சேர்ந்து கற்கும் கல்விக்கு (இன்டர்ப்ரொஃபெஷனல் எஜுகேஷன்) உலக சுகாதார நிறுவனம் 2010இல் தந்த விளக்கத்தை நம் மொழியில் சொன்னால் இப்படி வரும்: இரண்டோ அதற்கு மேற்பட்டோ துறையினர் ஒருவரைப் பற்றி ஒருவர், ஒருவரிடமிருந்து ஒருவர், ஒருவரோடு ஒருவர் கற்பது. உங்கள் வகுப்பில் நாற்பது பேர் ஒருவரோடு ஒருவர் உட்கார்ந்தார்கள். ‘ஒருவரிடமிருந்து ஒருவர்’ என்பது நடக்க இருந்த நொடியில்தான் சிரிப்பு வந்து, வகுப்பு ஆன்டிபயாடிக்குக்குப் போய்விட்டது.

ஆன்லைன்தான் காரணமா?

இல்லை. நேரில் நடந்திருந்தால் அந்தப் பெண் பானையைப் பற்றிப் பேசியே இருக்கமாட்டாள். ஒரு ஹாலைக் கற்பனை செய்யுங்கள். வெள்ளைக் கோட்டு முன்வரிசையில், யூனிஃபார்ம் பின்வரிசையில். யாரும் சொல்லாமலே அப்படித்தான் உட்காருவார்கள்.

அந்த மௌனம் வார்டிலிருந்து வருவது. 1967இல் லெனார்ட் ஸ்டெயின் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் இதற்கு ‘மருத்துவர்-செவிலியர் விளையாட்டு’ என்றே பெயர் வைத்தார். செவிலியருக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். ஆனால் ஆலோசனை சொன்னதுபோல் தெரியாமல் சொல்ல வேண்டும். மருத்துவரும் கேட்டதுபோல் தெரியாமல் கேட்டுக்கொள்ள வேண்டும். நான் ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது ஓர் இரவு, வயதான ஒரு சிஸ்டர் ஒரே நோயாளியின் சார்ட்டை என் மேஜையில் மூன்று முறை கொண்டுவந்து வைத்தார். இரண்டு முறை கையெழுத்துக்குத்தான் என்று நினைத்துத் தள்ளி வைத்தேன். மூன்றாம் முறைதான் சிறுநீர் அளவு கட்டத்தைப் பார்த்தேன். மாலையிலிருந்து காலியாக இருந்தது. நல்லவேளை, நேரம் இருந்தது. “ஏன் சிஸ்டர் வாயைத் திறந்து சொல்லவில்லை?” என்று கேட்டேன். “சொன்னா கோச்சுக்குவீங்க டாக்டர்” என்றார். அந்த வயதில் நான் கோபித்துக்கொண்டிருப்பேன் என்பதும் உண்மைதான்.

சேர்த்து உட்கார வைத்தால் தானாகப் பழகிவிடுவார்கள் என்ற நம்பிக்கையையும் கொஞ்சம் திருத்திக்கொள்ளுங்கள். இரு தரப்பை வெறுமனே சந்திக்க வைத்தால் மனத்தடை போய்விடாது என்று கோர்டன் ஆல்போர்ட் என்ற உளவியலாளர் 1954இலேயே எழுதினார். அந்த இடத்தில் இருவரும் சமநிலையில் இருக்க வேண்டும், இலக்கு பொதுவாக இருக்க வேண்டும், ஒத்துழைத்தால்தான் அதை அடைய முடியும் என்று இருக்க வேண்டும், மேலே இருப்பவர்களின் ஆதரவும் வேண்டும். உங்கள் இரண்டாம் வாரத்தில் இந்த நான்கில் எது இருந்தது? பேராசிரியரின் அந்த லேசான புன்னகை நான்காவதையும் எடுத்துவிட்டது. கெட்ட எண்ணம் இல்லாமல் செய்திருப்பார், அது வேறு.

சரியாகப் பயன்படுத்தினால் ஆன்லைனில் சமநிலை கொண்டுவருவது நேரில் செய்வதைவிடச் சுலபம். திரையில் எல்லோருக்கும் ஒரே அளவுக் கட்டம். சாட் இருக்கிறது. ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, “எல்லோரும் பதிலை டைப் செய்யுங்கள், நான் சொல்லும்வரை அனுப்பாதீர்கள்” என்று சொல்லுங்கள். ஒரு நிமிடம் கழித்து, “இப்போது அனுப்புங்கள்.” நாற்பது பதில்களும் ஒரே மூச்சில் கொட்டும். யார் முதலில் சொன்னார், யார் இங்கிலீஷில் தடுமாறாமல் சொன்னார் என்பதற்கு அங்கே வேலை இல்லை. அதிலிருந்து ஒரு நர்சிங் பதிலையும் ஒரு பிசியோ பதிலையும் எடுத்து, பெயர் சொல்லிக் கேட்டு, பேச்சைத் தொடங்குங்கள்.

நாற்பது பேரை ஒன்றாக வைத்துப் பேச வைப்பது யாராலும் ஆகாது. பிரேக்அவுட் ரூமில் எட்டு எட்டுப் பேராகப் பிரியுங்கள். ஓர் அறையில் எந்தத் துறையும் ஒற்றை ஆளாக இருக்க வேண்டாம். தனியாக இருக்கும் பிசியோ மாணவன் இருபது நிமிடமும் தலையாட்டிக்கொண்டே இருப்பான். டயட் மாணவர்கள் மூன்று பேர்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்களை அறை மாறி அறை போகும்படி விட்டு, கூப்பிடுகிற குழுவுக்கு ஆலோசனை சொல்ல வையுங்கள். கூப்பிடவே தோன்றாத குழு எது என்பதும் கடைசியில் பேச ஒரு நல்ல விஷயம்.

மொழியைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் ஊகிக்கிறேன். கேரளத்திலிருந்தும் சித்தூர் பக்கத்திலிருந்தும் வந்த மாணவர்கள் இருப்பார்கள், அதனால் எல்லாம் இங்கிலீஷ். அணைக்கட்டிலும் ஒடுகத்தூரிலும் தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு நர்சிங் சேர்ந்த பெண்களுக்கு அங்கேயே பாதி வாய் அடைத்துவிடும். நோயாளி பேசும் வரிகளைத் தமிழிலேயே எழுதுங்கள். “காலு மரமரன்னு இருக்குது, செருப்பு கழண்டு விழுந்தாகூடத் தெரியல” என்று அவர் சொல்லட்டும். அதை மற்றவர்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்வது அந்தப் பெண்களின் வேலை. அதுவரை குனிந்திருந்த தலை நிமிர்வதைப் பார்ப்பீர்கள்.

மேல்நாட்டுச் சரக்கா?

முதல்வருக்கு ஒரு பதில் நம் ஊரிலேயே இருக்கிறது. பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் 1946இல் வேலூர் வந்தார். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை, வேலை செய்கிற தசைநாண் ஒன்றை இடம் மாற்றிப் பொருத்தி நிமிர்த்தினார். அறுவை மட்டும் செய்து அனுப்பினால் விரல் நிமிராது. இடம் மாறிய தசைக்குப் புது வேலையைப் பழக்க வேண்டும், அது பிசியோதெரபிஸ்டின் பாடு. உணர்ச்சியற்ற காலில் புண் வராமல் காக்கச் செருப்பு தைப்பவர் வேண்டும். இன்று சர்க்கரை நோயாளிக்கு எழுதித் தருகிறோமே எம்.சி.ஆர். (மைக்ரோசெல்லுலார் ரப்பர்) செருப்பு, அதன் கதையில் நம் கரிகிரி தொழுநோய் மருத்துவமனைக்கும் இடமுண்டு. சர்ஜனும் செருப்பு தைப்பவரும் ஒரே பாதத்தைக் குனிந்து பார்த்த ஊர் இது. அப்போது இதற்கு ஜூமும் இல்லை, பெயரும் இல்லை.

பழங்கதை வேண்டாம் என்றால், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தைக் காட்டுங்கள். சுகாதாரத் தன்னார்வலர், நோய் ஆதரவுச் செவிலியர், பிசியோதெரபிஸ்ட் என்று வீட்டு வாசலுக்கே போகிறார்கள். உங்கள் மாணவிகளில் சிலர் நாளை அந்த வேலையில் இருப்பார்கள். மருத்துவக் கல்லூரிப் பக்கம் யாராவது முணுமுணுத்தால், 2019இல் வந்த எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் மருத்துவருக்கு வகுத்த ஐந்து பொறுப்புகளில் ஒன்று ‘மருத்துவக் குழுவின் தலைவரும் உறுப்பினரும்’ என்பதை நினைவூட்டலாம். ‘உறுப்பினரும்’ என்ற சொல்லைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லுங்கள்.

கேமரா, பதிவு, நோயாளி வீடியோ

ஹாஸ்டலில் ஓர் அறைக்கு நான்கு பெண்கள். பின்னால் ஒருத்தி துணி மடித்துக்கொண்டிருப்பாள், இன்னொருத்தி நைட்டியில் இருப்பாள். ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி டேட்டா. வீடியோவோடு ஒரு மணி நேரக் கூட்டம் அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். இந்த நிலையில் கட்டாயக் கேமரா என்றால் முகம் கிடைக்கும், பேச்சு கிடைக்காது. முதல்வருக்கு வேண்டியது வருகைப் பதிவு என்றால், சாட்டில் விழுந்த பதில்களையும் குழுக்கள் எழுதிய திட்டத்தையும் கொடுங்கள். கேமராவைவிட நல்ல சான்று. பிரேக்அவுட் ரூமில், சிறு குழுவில், முடிந்தவர்கள் முதல் ஐந்து நிமிடம் முகம் காட்டட்டும் என்று கேட்டுக்கொள்ளலாம். கேட்டுக்கொள்வது, அவ்வளவுதான்.

வகுப்பைப் பதிவு செய்வதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். என்னைக் கேட்டால் பதிவே வேண்டாம். தவறாகப் பேசிப் பார்க்க வேண்டிய இடம் அது. மாணவர்களுக்குள் தனிச் செய்தி அனுப்பும் வசதியை அணைத்துவிடுங்கள். ஹோஸ்ட் அமைப்பில் அது இருக்கிறது. ‘பானை வைத்தியம்’ எல்லோருக்கும் தெரிய வந்தது ஒரு வகையில் நல்லது. தனிச் செய்தியில் ஒரு பெண்ணுக்கு வேறு மாதிரி ஏதாவது வந்தால் அது கிண்டல் கணக்கில் சேராது, கல்லூரியின் உள் புகார்க் குழுவுக்குப் போக வேண்டியது. அந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

வார்டு நோயாளியின் வீடியோ? வேண்டாம். “சரிம்மா, எடுத்துக்கோ” என்று அவர் சொல்வது நான்கு கல்லூரிகளின் வாட்ஸ்அப்பில் சுற்றுவதற்கான சம்மதம் ஆகாது. நோயாளியின் ரகசியம் காப்பது மருத்துவருக்கும் செவிலியருக்கும் பொதுவான கடமை, மாணவர்களுக்கு முதலில் காட்ட வேண்டியதும் அதுதான். பெயரை எடுத்துவிட்டால் போதும் என்றும் நினைக்காதீர்கள். ‘பேரணாம்பட்டு, இன்ன தோல் ஷாப், மேஸ்திரி, இரண்டு சம்சாரம்’ என்றால் அந்த ஊரில் டீக்கடைக்காரர்கூடப் பெயர் சொல்லிவிடுவார். பல நோயாளிகளைக் கலந்து நீங்களே ஒருவரை உருவாக்குங்கள். உங்கள் ட்யூட்டர் தோழி ஒருவர் அந்த நோயாளியின் மனைவியாக ஜூமில் வந்து பேசட்டும். எந்த வீடியோவும் அதற்கு ஈடாகாது.

உங்கள் தகுதி, அப்புறம் அந்த சார்

மருத்துவம் கற்றுக்கொடுக்க உங்களை யாரும் உட்கார வைக்கவில்லை. எந்த ஆன்டிபயாடிக் என்று உங்களுக்குத் தெரியாமல் இருப்பது இந்த வேலைக்கு வசதிதான், ஏனென்றால் நீங்கள் உண்மையாகவே கேட்க முடியும். யார் பேசவில்லை என்று கவனிப்பது, பாதியில் விழுந்த வாக்கியத்தை எடுத்துத் திரும்ப நடுவில் வைப்பது, கேள்வியை உரிய துறைக்குத் திருப்புவது இவைதான் உங்கள் வேலை. வார்டில் இருபது ஆட்டெண்டரையும் நாலு டாக்டரையும் ஒரே நேரத்தில் சமாளித்தவருக்கு இது வராதா என்ன?

ஆனால் ஒன்றை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நீங்களும் பேராசிரியரும் இணையான ஒருங்கிணைப்பாளர்கள் என்று நான்கு கல்லூரிகளும் ஒப்புக்கொண்ட ஒரு கடிதம். அதில் மதிப்பெண் விஷயமும் தெளிவாக இருக்கட்டும்: அவரவர் கல்லூரியின் மாணவர்களுக்கு அந்தந்தக் கல்லூரிதான் மதிப்பெண் போட வேண்டும். இது இல்லாமல் நீங்கள் ஒரு மருத்துவ மாணவரை மதிப்பிட்டால் வம்பு உங்கள் தலையில்தான் விடியும்.

சாரிடம் எப்படிப் பேசுவது என்பதில்தான் நீங்கள் தயங்குகிறீர்கள் என்று தெரிகிறது. குறை சொல்லப் போகாதீர்கள், ஒரு வேலை கொடுக்கப் போங்கள். வகுப்புக்கு முன் பதினைந்து நிமிடம் போனில்: “சார், நீங்க பதில் சொல்லிட்டீங்கன்னா பசங்க யோசிக்கறதை நிறுத்திடறாங்க. இந்த வாரம் முதல் அரை மணி நேரம் நீங்க சாட்டைப் பார்த்துக்கோங்க, நான் பேச்சைப் பார்த்துக்கறேன். அப்புறம் மாத்திக்கலாம்.” பெரும்பாலான பேராசிரியர்கள் ஒப்புக்கொள்வார்கள். பதிலே தெரியாததுபோல் அரை மணி நேரம் இருப்பது அவர்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்பது எனக்கு அனுபவத்தில் தெரியும், ஆகவே முதல் வாரம் அவர் தவறினால் மன்னித்துவிடுங்கள். இரண்டு மூன்று வாரம் ஆகியும் மாறவில்லை, மாணவிகள் முன்னாலேயே உங்களைத் தட்டிவிடுகிறார் என்றால், அப்போது குழு மாற்றம் கேளுங்கள். விலகுவது அதற்கும் அப்புறம். இப்போது விலகினால் அந்த மாணவிக்கு என்ன செய்தி போகும் என்று நினைத்துப் பாருங்கள்: அவள் பேசியதற்கு அவளுடைய மேமே போய்விட்டார்.

வரும் சனிக்கிழமை

அவளை முன்னாலேயே தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். ஆறுதல் சொல்வதை விட, “அன்னைக்கு நீ சொன்னதை நான் பாதியில விட்டுட்டேன், திரும்ப எடுக்கலாமா?” என்று அனுமதி கேளுங்கள். வேண்டாம் என்றால் அவள் பெயர் இல்லாமல் எடுங்கள். வகுப்பில் சிரித்தவர்களை நிற்க வைத்துக் கேட்காதீர்கள். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டுக்குள் அவர்கள் போனதில்லை, அவ்வளவுதான். “போன தடவை ஒரு நல்ல கேள்வியை நான் தவறவிட்டேன்” என்று பழியை உங்கள் மேல் போட்டுக்கொண்டு தொடங்குங்கள்.

அதற்கு முன்பே ஒரு வேலை. இரண்டு மண்பானை, இரண்டு தெர்மாமீட்டர் ஏற்பாடு செய்யுங்கள். அவளும் ஒரு பார்ம்.டி. மாணவரும் அவரவர் ஹாஸ்டல் வராந்தாவில், வெயில் படாத காற்றோட்டமான இடத்தில் பானையை வைத்து, காலை ஆறு மணிக்கும் மதியம் இரண்டு மணிக்கும் இரவு பத்து மணிக்கும் உள்ளே எவ்வளவு, வெளியே எவ்வளவு என்று மூன்று நாள் குறிக்கட்டும். சிரித்த இருவரில் ஒருவரிடம், அந்தப் பேரணாம்பட்டுக்காரருக்கு எழுதிய இன்சுலினின் உறையைப் படித்து அதில் போட்டிருக்கும் வெப்பநிலையைக் கொண்டுவரச் சொல்லுங்கள். சனிக்கிழமை இரண்டு எண்களையும் ஒரே ஸ்லைடில் போட்டுவிட்டு, கொஞ்ச நேரம் நீங்களும் பேசாமல் இருங்கள், சாரையும் பேசவிடாதீர்கள்.